மாமாவும் நானும் 32 வில்லும்

நாள் 1, புதன்: ஈரோடு, கோபி

ஏற்காடு எக்ஸ்பிரஸ் இன்னிக்கு வெடியால கருக்கல்லயே ஈரோட்டுல எறக்கி உட்டுருச்சுங்க. ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு டீ குடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டு போயி கோபி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தாச்சு, கவுந்தப்பாடிகிட்ட வந்ததும் ரெண்டு பக்கமும் கரும்பும் வாழையும் வர ஆரம்பிச்சிருச்சு, சென்னையில ஒரு வருசமா சேந்த அலுப்புல பாதி அங்கயே எறங்கிப் போச்சு.

இந்தத் தடவ வந்தது கல்யாணத்துக்கோ நோம்பிக்கோ இல்லீங்க. சனிக்கெழம கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா கச்சேரி இருக்குது. வெஸ்டர்ன் கிளாசிக்கல், கர்நாடக சங்கீதம், நம்ம சினிமாப் பாட்டு மூணையும் ஒரே மேடையில வெச்சு வாசிக்கறாங்க, ஸ்ட்ரிங்ஸ்னு சொல்ற வில்லு போட்டு வாசிக்கற வாத்தியக்காரங்க மட்டுமே 32 பேரு. அதுக்கு என்ற மாமாவக் கூட்டிட்டுப் போறேன்.

மாமாவுக்கு இப்ப 68. வயசுல ஈரோட்டு லைட் மியூசிக் ட்ரூப் ஒண்ணுல வயலின் வாசிச்சவரு. எங்கூர்ப் பக்கம் ஆர்கெஸ்ட்ரான்னா இன்னிக்கும் அதுதான், நோம்பி சாட்டிட்டா ஒரு நாள் ராத்திரி கோயலுக்கு முன்னால மேடை போட்டு டியூப்லைட்டு கட்டி விடிய விடிய சினிமாப் பாட்டு. அப்பெல்லாம் அவங்க ட்ரூப்புல 4 வயலின், புல்லாங்குழல், ட்ரம்பெட், அக்கார்டியன், தபலா, தும்பான்னு 20 பேரு ஒரே வேன்ல நெருக்கிட்டு வருவாங்களாம். நான் பொறக்கறதுக்கு முன்னாலயே அவரு வாசிக்கறத உட்டுட்டாரு. எனக்குத் தெரிஞ்ச மாமா மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டற மாமாதான்.

ரெண்டு வருசம் முன்னால சென்னையில ஒரு ஃப்ரெண்டு டிக்கெட் வேஸ்ட்டாப் போகுதுன்னு கூப்பிட்டதால மொத தடவ ஒரு லைவ் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனேன். எனக்கு நோட்டும் தெரியாது ராகமும் தெரியாது. அன்னிக்குக் காலையில ஆபீஸ்ல நெம்ப மோசமான ஒரு நாளு, கச்சேரி முடிஞ்சு பார்க்கிங்ல நிக்கறப்ப அந்த நாளு யாரோ வேறொருத்தருக்கு நடந்த மாதிரி இருந்துச்சு. பஸ்ல வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன், இத மாமா ஒரு தடவ கேக்கோணும்னு. அதுக்கு ரெண்டு வருசம் ஆயிருச்சு.

வூட்டுக்குப் போனதும் அத்தை எலுமிச்சம்பழச் சந்தகையும் தேங்காப்பால் சந்தகையும் செஞ்சு வெச்சிருந்தாங்க. "ஏனம்மிணி, கூட்டிட்டுப் போறது இருக்கட்டும், இந்த மனுசன் அங்க போயி அழுது வெச்சாருன்னா நீதான் பாத்துக்கோணும்"னாங்க. மாமா ஒண்ணும் பேசாம சந்தகையப் பெசஞ்சுட்டே இருந்தாரு.


நாள் 2, வியாழன்: கொடிவேரி

வெடியால கொடிவேரி அணைக்குப் போயி தண்ணி வாத்துட்டு வந்தோம், பவானி ஆறு தடுப்பத் தாண்டி வெள்ளையா விழுந்துட்டு இருந்துச்சு, கூட்டமில்ல. மத்தியானம் அரிசியும்பருப்பு சாதம், நெய்யி, தூக்கம். அவ்வளவுதாங்க பகல்ல.

பொழுதோட மாமா அட்டாலியில இருந்து வயலின் பொட்டிய எறக்குனாரு. நானாக் கேக்கல. ஒரு பழைய துண்டுல சுத்தி, நூல் போட்டுக் கட்டி வெச்சிருந்தாரு. தெறந்தா கம்பி ரெண்டுதான் இருக்குது, அதுலயும் துரு. வில்லு முடி பாதி அத்துப் போயி ஓரமாத் தொங்குது. வயலினுக்கு அடியில, நாடியும் தோளும் அழுத்துற எடத்துல, வார்னிஷ் தேஞ்சு மரம் வெளுத்துக் கெடக்குது பாருங்க, அத வெரல்ல தொட்டுப் பாத்தேன், வழவழன்னு இருக்குது. ஒரு மனுசன் பத்து வருசமா அங்க நாடி வெச்சிருக்கான்னு அந்த எடமே சொல்லுது.

ஏன் மாமா உட்டீங்கன்னு இன்னிக்குத்தான் கேட்டேன். யமஹாவோட டிஎக்ஸ்7 வந்தது 1983ல, அப்பறம் அந்த மாதிரி கீபோர்டுக ஒவ்வொண்ணா ட்ரூப்புகளுக்கு வந்து சேந்திருக்குது. இவங்க ட்ரூப்புல வாங்கினது 1987ல. ஒரு பட்டனத் தட்டுனா ஸ்ட்ரிங்ஸ் சத்தம், இன்னொண்ணத் தட்டுனா ட்ரம்பெட். நாலு வயலின் சம்பளம் மிச்சம், வேன்ல எடமும் மிச்சம். மொதல்ல ரெண்டு பேர நிறுத்துனாங்க, அடுத்த நோம்பிக்கு மாமாவையும். யார் மேலயும் கோவமில்லன்னு சொன்னாரு, "அவங்களுக்கும் பொழப்பு இருக்குதல்ல"ன்னாரு, ஆனா அதச் சொல்றப்ப வில்லத்தான் பாத்துட்டு இருந்தாரு, என்னப் பாக்கல.

ராத்திரி திண்ணையில உக்காந்து போன்ல ஆன்ட்ரே ரியூ கச்சேரி ஒண்ணு போட்டுக் காட்டுனேன். நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட்னு அவரோட சொந்த ஊரு, அந்த ஊரு நடுவுல இருக்கற சதுக்கத்துலயே வருசா வருசம் கோடையில வாசிக்கறாரு, கையில வயலினோட நின்னுட்டே ஆர்கெஸ்ட்ராவ நடத்துவாரு, ஜனம் நடுவுல எந்திரிச்சு ஜோடி ஜோடியா ஆடுது, வயசானவங்க கண்ணத் தொடச்சுக்கறாங்க. அவரு தன்னோட ஜோஹன் ஸ்ட்ராஸ் ஆர்கெஸ்ட்ராவ ஆரம்பிச்சது 1987ல, 12 பேரோட. அந்த வருசத்தச் சொன்னதும் மாமா போன வாங்கி கிட்ட வெச்சுப் பாத்தாரு. "அதே வருசமா அம்மிணி"ன்னாரு. அப்பறம் சித்த நேரம் கழிச்சு, "அந்தாளு சேத்துட்டே இருந்திருக்கான்"னாரு.

எனக்கு அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, மேல பாட்ட ஓட உட்டுட்டேன்.


நாள் 3, வெள்ளி: சத்தி ரோடு, கோயம்புத்தூர்

கோபியில இருந்து சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியா வந்தோம். பஸ்ல நெம்பக் கூட்டம், புளியம்பட்டி வரைக்கும் மாமா நின்னுட்டேதான் வந்தாரு, ஒரு காலேஜ் பையன் எந்திரிச்சு எடம் குடுத்தான்.

வழியில மாமா பேசுனதுதான் இன்னிக்கு முக்கியம். ட்ரூப்ல புதுப் பாட்டு எடுக்கறதுன்னா எப்படின்னு சொன்னாரு. நோட்டு எங்கயும் கெடைக்காது, கேசட்ட வாங்கி ரீவைண்டு பண்ணி ரீவைண்டு பண்ணி காதுல புடிச்சு எழுதோணும். இளையராஜா பாட்டுன்னா ரெண்டு ராத்திரி ஆகுமாம், ரெக்கார்டிங்ல பெரிய வயலின் கூட்டமே வாசிச்சிருக்கும், அத இவங்க நாலு பேருக்குச் சுருக்கோணும். "நாங்க என்ன பண்ணுவோம், மேல கேக்கறத எடுத்துக்குவோம், அடியில ஓடறது பாதி புடிபடாது, கேசட்டும் அந்த லட்சணம்"னாரு. 2025 மார்ச் 8ஆந்தேதி லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மானிக் கான்செர்ட் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவோட சிம்பொனிய வாசிச்சாங்கல்ல, அன்னிக்கு ராத்திரி மாமா தூங்கவே இல்லியாம், அத்தை சொன்னாங்க.

காந்திபுரத்துல எறங்கி லாட்ஜ்ல பைய வெச்சுட்டு நேரா ரிகர்சலுக்குப் போனோம். வயோலா, அதாவது வயலினவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம், அத வாசிக்கறவ என்ற காலேஜ் ஃப்ரெண்டு, அவ சொல்லி வெச்சதால கடைசி வரிசையில உக்கார உட்டாங்க. ஆளுக சென்னை, பெங்களூரு, கேரளான்னு பல பக்கத்துல இருந்து வந்திருக்காங்க.

மாமா பாத்துப் பாத்துச் சொன்னதையெல்லாம் எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, உள்பக்கம் உக்காந்திருக்கறவங்கதான் பக்கம் திருப்போணும், வெளிப்பக்கம் இருக்கறவங்க வாசிப்ப நிறுத்தக் கூடாது. எல்லா வில்லும் ஒண்ணா மேல போயி ஒண்ணா கீழ வருது, அது தானா வராது, எந்த நோட்டுக்கு வில்லு ஏறோணும் எந்த நோட்டுக்கு எறங்கோணும்னு மொத வயலின்காரரு முடிவு பண்ணி, பென்சில்ல குறிச்சு, அந்தப் பிரிவுல எல்லாரும் அதையே குறிச்சுக்குவாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஓபோங்கற ஊதற வாத்தியம் மட்டும் ஒரு ஸ்வரம் குடுக்குது, மத்த எல்லாரும் அதுக்குச் சேத்துக்கறாங்க. ஏன் ஓபோன்னா அதோட சத்தம் ஆடாது, எந்தக் கூட்டத்துலயும் தனியாக் கேக்கும்.

அந்த ஓபோ ஸ்வரத்தப் புடிச்சு 32 பேரும் கம்பியச் சேத்தாங்க பாருங்க, கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, ஒரு பாட்டும் வாசிக்கல, எனக்குக் கையில மயிர்க்கூச்சு. மாமா துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு. ஹால்ல ஏசி போட்டிருந்துச்சு, வேர்வைன்னு சொல்ல முடியாது.


நாள் 4, சனி: கச்சேரி

இத ராத்திரி ஒரு மணிக்கு லாட்ஜ்ல உக்காந்து எழுதறேன், மாமா தூங்கிட்டாரு, எனக்குத் தூக்கம் வரல, முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

மொதல்ல கொறைய சொல்லிடறேன். ஆரம்பத்துல ரெண்டு ஐட்டத்துக்கு சவுண்டு சரியில்ல, டிரம்ஸ ஏத்தி வெச்சுட்டாங்க, வயலின் கையசையறது தெரியுது, காதுக்கு வரல. இத்தன பேர வரவெச்சு அவங்க வாசிக்கறத அமுக்கறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ. யாரோ போயிச் சொல்லியிருப்பாங்க போல, மூணாவதுல இருந்து சரியாயிருச்சு. இன்னொண்ணு, ஒரு ராக ஆலாபனைக்குப் பின்னால ஸ்ட்ரிங்ஸ் நீட்டி நீட்டி வாசிச்சாங்க, அது எனக்கு ஒட்டல, பாடறவங்க ஸ்வரத்த அசைக்கறாங்க, இவங்க நேர்கோடா நிக்கறாங்க, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துட்டு நின்ன மாதிரி இருந்துச்சு. அந்த அசைவ, கமகத்த, நோட்டுல எழுதி 32 பேரு கையில குடுக்கறது லேசுப்பட்ட காரியமில்ல.

ஆனா பாக்கெல்பெல்னு ஒரு பழைய ஜெர்மன் இசையமைப்பாளரோட கேனன் வந்துச்சு பாருங்க. உக்காந்து வாசிக்கற பெரிய வயலின் மாதிரி இருக்கற செல்லோவுக்கு அதுல வேலையே எட்டு ஸ்வரந்தான், அதையே திரும்பத் திரும்ப 28 தடவ வாசிக்கோணும், அதுக்கு மேலதான் வயலினுக மூணா பிரிஞ்சு ஒருத்தர் பின்னால ஒருத்தரா வருவாங்க. இன்னிக்கு அதுல பாதிக்கு மேல மிருதங்கத்தச் சேத்திருந்தாங்க. மொதல்ல எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு, இது எப்படி ஒட்டும்னு. அந்த எட்டு ஸ்வரம் மாறாம சுத்திட்டே இருக்கறதால மிருதங்கத்துக்கு அது ஒரு ஆவர்த்தனம், தாளத்தோட ஒரு சுத்து மாதிரியே ஆயிருச்சு, வித்வான் கண்ண மூடிட்டு சிரிச்சுட்டே வாசிச்சாரு, ஓரத்துல செல்லோ வாசிச்ச ஒரு சின்னப்பொண்ணு, அதே எட்டுத்தான் வாசிக்குது, அதும் தலைய ஆட்டிட்டு அவரையே பாத்துச் சிரிச்சுட்டே வாசிக்குது. நெனச்சா இப்பவும் நெஞ்சு நெறையுது.

அடுத்தது முத்துசுவாமி தீட்சிதரோட நோட்டுஸ்வரம் ரெண்டு. இத நெம்பப் பேருக்குத் தெரியாது, வெள்ளக்காரன் பேண்டு வாசிச்ச மெட்டுகளக் கேட்டு தீட்சிதரு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதி வெச்சிருக்காரு, ஏறக்கொறைய 40 இருக்குது, எல்லாம் சங்கராபரணம். 'சந்ததம் பாஹிமாம்'னு ஒண்ணு, இங்கிலாந்து தேசிய கீதத்தோட மெட்டேதான். 'ஷ்யாமளே மீனாக்ஷி', நம்ம குழந்தைக ட்விங்கிள் ட்விங்கிள்னு பாடறாங்கல்ல, அந்த மெட்டு. ஹால்ல இருந்த குழந்தைக எல்லாம் கூடவே பாட ஆரம்பிச்சிருச்சுக. தீட்சிதர் மறைஞ்சது 1835ல. அவரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதருதான் மெட்ராஸ்ல ஒரு வெள்ளக்காரர்கிட்ட வயலின் கத்துட்டு அத நம்ம சங்கீதத்துக்குக் கொண்டு வந்தவரு. இப்படி ரெண்டு சங்கீதத்தக் கலக்கற க்ராஸோவர்னா ரெண்டுங்கெட்டான்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்களும் கச்சேரியில பக்கத்துல வயலின் இல்லாம பாட்டு கேக்க மாட்டாங்க. அந்த வயலினே இப்படிக் கலந்து வந்ததுதானுங்க.

அப்பறம் இன்டர்வெல் முடிஞ்சு சினிமாப் பாட்டு. பாட்டு பேரு வேண்டாம், 80கள்ல வந்தது, மாமா கேசட்டுல இருந்து எழுதி எத்தனையோ நோம்பியில வாசிச்ச பாட்டு. பாடறவங்க இல்ல, ஆர்கெஸ்ட்ரா மட்டும். பல்லவி மொதல் வரி வயலினுக எடுத்ததும் பின் வரிசையில ஒரு கூட்டமே கூட முணுமுணுக்குது. நான் மாமாவப் பாக்கறேன், வேட்டி மேல வெச்சிருந்த எடது கையில நாலு வெரலும் ஓடுது. ஒரு வெரல் கூட தப்பல, மேடையில முன்னால இருக்கற வயலின்காரரு வெரல் எப்ப எறங்குதோ அப்ப இங்கயும் எறங்குது, 38 வருசம் கழிச்சு.

முதல் இடையிசை வந்ததும் வெரல் நின்னு போச்சு. நான் பயந்துட்டேன், ஏனுங் மாமான்னு கேட்டா, கையக் காட்டி சும்மா இருங்கறாரு. மேல வயலின் போறது எனக்கே தெரிஞ்ச மெட்டுத்தான், அடியில வயோலா வேறொரு வழியில எறங்கி வருது, செல்லோ அதுக்கு எதுக்க ஏறிப் போகுது, எல்லாத்துக்கும் கீழ ஆளுயர வயலின் மாதிரி இருக்கற டபுள் பேஸ் மூணும் நிக்குது. டபுள் பேஸோட கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ் கிட்ட, போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது, மாமாவோட பழைய டேப்ரெக்கார்டர்லயும் வந்திருக்காது. இங்க அது மரச்சேர் வழியா முதுகுல ஏறுது, காதுல கேக்கறதுக்கு முன்னாலயே நெஞ்சுக்கூடு கேக்குது.

பாட்டு முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சு கை தட்டறாங்க, மாமா உக்காந்தே இருந்தாரு. கைதட்டல் அடங்குனதும் எங்காதுகிட்ட வந்து, "அடியில இத்தன இருந்திருக்குது அம்மிணி. இது தெரியாமயே நாங்க நாலு பேரும் பத்து வருசம் வாசிச்சோம். தெரியாம வாசிச்சதே அவ்வளவு நல்லா இருந்துச்சே"ன்னாரு. அழுகல, அத்தை சொன்ன மாதிரி எதுவும் நடக்கல. மொகம் பூரா சிரிப்பு. எனக்குத்தான் அழுக வந்துருச்சு.

ஏன் இப்படி மனசத் தூக்கி நிறுத்துதுன்னு என்ற ஃப்ரெண்டுகிட்ட அப்பறம் கேட்டேன். அவ சொன்னா, 10 வயலின் வாசிச்சா 10 மடங்கு சத்தம் கேக்காது, காதுக்கு ஏறக்கொறைய ரெண்டு மடங்கு மாதிரிதான் இருக்கும். எச்சாக் கெடைக்கறது சத்தமில்ல. பத்துப் பேரும் எவ்வளவு சுத்தமா வாசிச்சாலும் ஒரு மயிரிழை முன்னபின்ன இருக்கும், ஒவ்வொரு கையும் வேற, அந்த வித்தியாசமெல்லாம் சேந்துதான் அந்தப் பட்டு மாதிரி சத்தம். கீபோர்டுல ஸ்ட்ரிங்ஸ் பட்டனத் தட்டுறப்ப வர்றது ஒரே கைன்னு மாமா சேத்துச் சொன்னாரு.

கடைசியா ராடெட்ஸ்கி மார்ச். ஜோஹன் ஸ்ட்ராஸோட அப்பா 1848ல எழுதுனது, வியன்னாவுல ஜனவரி 1ஆந்தேதி புது வருசக் கச்சேரிய முடிக்கறதே இதுலதான், ஜனமெல்லாம் கை தட்டோணும், ஆர்கெஸ்ட்ராவ நடத்தற கண்டக்டர் திரும்பி நம்மளப் பாத்து மெதுவா, இப்ப பலமா, இப்ப நிறுத்துன்னு நடத்துவாரு. இங்கயும் அப்படியே திரும்புனாரு. எங்களுக்கு முன் வரிசையில மூணு ஆத்தாமாருக, பேத்தி வாசிக்கறான்னு பார்க்க வந்தவங்களாம், சும்மா தட்டாம கும்மிக்குத் தட்டற மாதிரி உள்ளங்கை குழிச்சு, குனிஞ்சு நிமிந்து தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம பக்கம் வள்ளி கும்மி ஊரூருக்கு அரங்கேறிட்டு இருக்குதல்ல, அந்தக் கலையில பத்ரப்பன் ஐயாவுக்கு 87 வயசுல 2024ல பத்மஸ்ரீ கூடக் கெடச்சுதே, அந்தக் கை எங்க போனாலும் அப்படித்தான் தட்டும். மார்ச்சோட தாளத்துக்கு அது அப்படியே உக்காந்துச்சு. ரெண்டு வரிசை அதப் பாத்து மாறுச்சு, அப்பறம் எங்க பக்கம் பூராவும். கண்டக்டர் எங்க பக்கமே திரும்பி நின்னுட்டாரு, வயலின்காரங்க தலையத் தூக்கிப் பாத்துட்டே வாசிக்கறாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னு, மாமாவும் நின்னு, நானும்.

வெளிய வந்து அவிநாசி ரோட்டுல ஆட்டோவுக்கு நிக்கறப்பக் கூட யாருக்கும் அவசரமில்ல. தெரியாதவங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிக்கறாங்க, "எந்தூருங்க"ன்னு கேக்கறாங்க.


நாள் 5, ஞாயிறு: பேரூர், டவுன்ஹால், சேரன் எக்ஸ்பிரஸ்

வெடியால பேரூர் பட்டீசுவரரக் கும்பிட்டோம். கனகசபையில அந்தச் சிற்பத் தூணுகள மாமா தொடாம கிட்ட நின்னு பாத்துட்டே இருந்தாரு, முந்தாநேத்து ரிகர்சல்ல வில்லுகளப் பாத்த மாதிரியே.

கெளம்பறப்ப பையில இருந்து ஒரு துண்டுச் சுருணைய எடுத்தாரு. உள்ள வில்லு. கோபியில இருந்தே கொண்டாந்திருக்காரு, எங்கிட்ட சொல்லல.

டவுன்ஹால் பக்கம் ஒரு வாத்தியக் கடை, ஞாயித்துக்கெழமையானாலும் பாதி ஷட்டர் தெறந்திருந்துச்சு. நாலு கம்பி வாங்குனோம், ஒரு கட்டி ரோசின் வாங்குனோம், பைன் மரத்துப் பிசின்ல செய்யறது, தேன் நெறத்துல கண்ணாடி மாதிரி இருக்கும், மாமா அத மூக்குகிட்ட வெச்சு மோந்து பாத்துட்டு கண்ண மூடிக்கிட்டாரு. வில்லுக்கு முடி மாத்தறது மட்டும் இங்க ஆகாதுங்கன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு. குதிரைவால் முடி, சுமாரா 150 இழை, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம சமமா இழுத்துக் கட்டோணும், சென்னையில ஆளு இருக்காங்க, அங்க குடுங்கன்னாரு.

மாமா சித்த யோசிச்சாரு. "ஏங்கண்ணு, எத்தன நாளாகும்?"

"ஒரு வாரம்னு சொல்றாங்க மாமா. நானே கொண்டாந்து தர்றேனுங்க."

"வேண்டாம், லீவெல்லாம் போடாத. பொங்கலுக்கு வர்றப்பக் கொண்டா"ன்னாரு. அப்பறம் பஸ் ஏறி உக்காந்தவரு ஜன்னல் வழியா தலைய நீட்டி, "பொங்கல் நெம்பத் தள்ளி இருக்குதல்ல, தீவாளிக்கே வா"ன்னாரு.

இப்ப சேரன் எக்ஸ்பிரஸ்ல, திருப்பூர் தாண்டியாச்சு. வில்ல பையில வெச்சா நசுங்கிரும், மேல வெச்சா விழுந்துரும், அதனால துண்டோட மடியில குறுக்க வெச்சுட்டு உக்காந்திருக்கேன், பக்கத்து சீட்டு அம்மா என்னங்கண்ணு அதுன்னு கேட்டாங்க, எங்க மாமாவோட வில்லுங்கன்னு சொன்னேன்.